நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே: 14 மாதம் சட்டைப் பையில் வைத்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கின் விமர்சனம்

இதயக் கோளாறால் வரும் நெஞ்சு நெரிப்புக்கு நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ளும் மருந்து இது. கட்டைவிரலை விடக் கொஞ்சம் தடிமனான பாட்டில். மூடியைக் கழற்றினால் அமுக்கும் பொத்தான். ஒரு அமுக்குக்கு 400 மைக்ரோகிராம் நைட்ரோகிளிசரின். மருந்துச் சீட்டில் சிலர் கிளிசரில் ட்ரைநைட்ரேட் என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். வேலை செய்கிறதா? செய்கிறது. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒரு நட்சத்திரம் மருந்துக்காக இல்லை, மூடிக்காக. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், இது என் பைக்குள் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இதைத் தேடிப் படிக்க வந்தவர்களில் பாதிப் பேர், இது கேஸா, இதயமா என்று எனக்கு அப்போது இருந்த அதே சந்தேகத்தோடுதான் வந்திருப்பீர்கள்.

என் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். மெஷின் ரூமோ பெரும்பாலும் உச்சியில் இருக்கும். ஆகவே 31 வருஷமாக மற்றவர்கள் லிஃப்டில் போவதற்காக நான் படியில் ஏறிக்கொண்டிருக்கிறேன். டூல் பேக் தோளில்.

இரண்டாம் மாடி தாண்டி மூன்றாம் மாடிக்குள் போகும்போது நெஞ்சுக்கு நடுவில் ஓர் இறுக்கம் வரத் தொடங்கியது. வலி என்று சொல்ல வாய் வராது. குத்தாது, கிள்ளாது. யாரோ அந்த டூல் பேக்கைக் கழற்றி என் நெஞ்சு மேல் வைத்துவிட்டு, அதன் மேல் உட்கார்ந்த மாதிரி. சில நாள் இடது தாடை வரைக்கும் ஒரு கனம் ஏறும். நின்றுவிட்டால் இரண்டு, மூன்று நிமிடத்தில் ஒன்றுமே நடக்காதது போல விலகிவிடும். சாப்பிட்ட கையோடு ஏறினால் சீக்கிரம் வரும். குளிர் காலையில் இன்னும் சீக்கிரம்.

நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டுமே? மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டைச் சோதிப்பது போல நின்றுகொள்வேன். டார்ச் அடித்துப் பார்ப்பேன், விரலால் தட்டிப் பார்ப்பேன். அந்த ஐந்து மாதத்தில் நான் போன கட்டடங்களில் மூன்றாம் மாடிப் பூட்டுகள் எல்லாம் அருமையாக இருந்தன. கடைசியில் என் உதவியாள் தம்பிதான் கேட்டான்: "ஏண்ணே, எப்பவும் மூணாவது மாடிப் பூட்டையே பாக்குறீங்க?"

முதலில் போன கிளினிக்கைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தார்கள். "சுத்தமா இருக்கு, கேஸ்தான்" என்று அமிலத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன். கேஸ் என்ற சொல்லைப் போல ஆறுதல் தரும் சொல் நம் மொழியில் வேறு இல்லை. இப்போது யோசித்தால் என் மேலேயே கோபம் வருகிறது. ஓடும்போது சத்தம் வருகிறது என்று ஒருவர் சொன்னால், மோட்டாரை நிறுத்திவிட்டு காதை வைத்துக் கேட்பேனா நான்? இந்த வகை நெஞ்சு நெரிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. சரியாகவே இருக்கும். அது சரியாக இருப்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது.

ஒரு மாதம் கழித்து இதய மருத்துவர் ஒருவரிடம் போனேன். எந்தக் கருவியையும் தொடாமல் பத்து நிமிடம் கேள்வி மட்டும் கேட்டார். எங்கே இருக்கிறது? என்ன செய்யும்போது வருகிறது? நின்றால் எவ்வளவு நேரத்தில் போகிறது? ஒரு விரலால் காட்ட முடிகிறதா? நான் விரல் வைக்கவில்லை. எனக்கே தெரியாமல் கையை மூடி முஷ்டியை நெஞ்சு நடுவில் வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் ஏதோ எழுதிக்கொண்டார். மருத்துவப் பாடத்தில் அந்தக் கை வைப்புக்கே ஒரு பெயர் இருக்கிறதாம்.

அவர் சொன்ன கணக்கு எளிது. நெஞ்சு நடுவில் இறுக்கம், உடலுக்கோ மனசுக்கோ சுமை ஏறும்போது வருவது, ஓய்விலோ இந்த ஸ்ப்ரே போன்ற நைட்ரேட் மருந்திலோ சில நிமிடத்தில் போவது. மூன்றும் பொருந்தினால் அச்சு அசலான ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு நெரிப்பு. இரண்டு பொருந்தினால் சந்தேகம். ஒன்றோ, ஒன்றுமே இல்லாமலோ இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஒரு நொடி சுருக்கென்று குத்திப் போவது, நாள் முழுக்க விடாமல் வலிப்பது, கையால் அமுக்கினால் வலிப்பது, இதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. 1768-இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இதை முதன்முதலில் தெளிவாக விவரித்தபோது சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, சாப்பிட்ட பிறகு வரும், நின்றால் மறையும். இரண்டரை நூற்றாண்டு கழித்து நான் மூன்றாம் மாடியில் நின்று அதையே கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் இப்படிப் பாடப்புத்தகம் போல வராது. என் பெரிய அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. நெஞ்சில் ஒன்றுமே இல்லை, நடந்தால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். அவளுக்கும் கடைசியில் இதே நோய். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இப்படி மூச்சுத் திணறலாக, அசதியாக முகம் காட்டுவது உண்டு. அவள் வீட்டில் இருக்கும் பாட்டில் என்னுடையதற்கு அண்ணன்.

ரத்தப் பரிசோதனைகள் எடுத்தார்கள். கொழுப்பு, சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு, ஹீமோகுளோபின். கடைசியாகச் சொன்னது ஏன் என்று கேட்டேன். ரத்தசோகை இருந்தால் ஏற்கெனவே இருக்கும் சின்ன அடைப்பே பெரிதாகத் தொல்லை கொடுக்குமாம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் பம்ப் செய்வது நன்றாக இருந்தது.

அடுத்து ட்ரெட்மில். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றம். "இதுக்கா இவ்வளவு ஒயர் ஒட்டுனீங்க" என்று தெனாவட்டாகக் கேட்டேன். மூன்றாம் கட்டத்தில் 5.5 கிலோமீட்டர், 14 சதவீத ஏற்றம். அங்கே போய் ஒரு நிமிடம் ஆனதும் அந்த டூல் பேக் வந்து உட்கார்ந்தது. திரையில் இ.சி.ஜி. கோடு கீழே இறங்கியதை எனக்கு முன்னால் பார்த்துவிட்ட பெண், "போதும் சார்" என்று வேகத்தைக் குறைத்தாள். மூன்றாம் மாடி, மூன்றாம் கட்டம்.

பிறகு சி.டி. ஆஞ்சியோ, இதய ரத்தக் குழாய்களைப் படம் பிடிப்பது. இதயத் துடிப்பு 60-க்கு அருகே இறங்கினால்தான் படம் தெளிவாக வரும் என்று முன்பே மாத்திரை கொடுத்தார்கள். மேஜையில் படுத்ததும் டெக்னீஷியன், "நாக்கைத் தூக்குங்க" என்று ஏதோ ஒன்றை அடித்தார். ரத்தக் குழாய்களை விரித்துக் காட்டுவதற்காம். அதுதான் எனக்கும் இந்த ஸ்ப்ரேக்கும் முதல் சந்திப்பு. மருந்து ஏற்றும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும். போகாது, பயப்படாதீர்கள்.

முடிவு: இதயத்தின் வலது ரத்தக் குழாயில் ஓர் இடத்தில் சுமார் 80 சதவீத அடைப்பு. இடப்பக்கத்தின் பிரதான குழாய் சுத்தம். மற்றதில் சின்னச் சின்னப் படிவுகள்.

வீட்டில் உடனே மாநாடு கூடியது. மச்சான் ஒரே பிடியாக நின்றார்: "அடைப்புன்னு தெரிஞ்சாச்சு, ஸ்டென்ட் வெச்சிட்டு நிம்மதியா இருங்க மாமா." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. குழாய் அடைத்தால் திறப்பதுதானே வேலை? மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். 5179 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2020-இல் வெளியானது. என்னைப் போல நிலையான நோய் (கூடாமல் ஒரே அளவில் நிற்பது) உள்ளவர்கள், இடப்பக்கப் பிரதான குழாயில் அடைப்பு இல்லாதவர்கள். பாதிப் பேரை உடனே ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று அனுப்பினார்கள். மீதிப் பேருக்கு முதலில் மாத்திரை. சுமார் மூன்று வருஷம் பின்தொடர்ந்ததில், முதல் கூட்டத்தில் சாவோ மாரடைப்போ குறையவில்லை. ஆனால் அடிக்கடி நெரிப்பு வருபவர்களுக்கு அந்த நெரிப்பு நன்றாகக் குறைந்தது. "ஸ்டென்ட் வேண்டாம்னு சொல்லல. மாத்திரையில அடங்கலேன்னா அந்தக் கதவு திறந்தேதான் இருக்கு" என்றார். நான் மாத்திரைப் பக்கம் போனேன். மச்சான் இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்கு வேறு காரணமும் உண்டு.

ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாட்டின், பிசோப்ரோலால். மூன்று மாதம் கழித்து, ரத்தக் குழாயைத் தளர்த்தும் அம்லோடிபின் சேர்ந்தது. முதல் இரண்டும் இறுக்கத்தை ஒன்றும் செய்யாது, அவை படிவு வெடித்து ரத்தம் உறையாமல் காவல் நிற்பவை. நிறையப் பேர் "போட்டும் ஒண்ணும் தெரியலையே" என்று நிறுத்துவது இந்த இரண்டைத்தான். பிசோப்ரோலால் துடிப்பைக் குறைக்கிறது. இதயம் தன் சொந்தத் தசைக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் தளரும் நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. துடிப்பு மெதுவானால் அந்த நேரம் நீளும். இதைத் தடாலென்று நிறுத்தக் கூடாது.

இப்போது ஸ்ப்ரே.

உண்மையில் முதலில் கொடுத்தது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் வந்தது. பாட்டில் பையில் குலுங்குகிறதே என்று பத்து மாத்திரையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நைட்ரோகிளிசரின் மாத்திரையிலிருந்து ஆவியாகிப் போகும், பிளாஸ்டிக் அதை உறிஞ்சிக்கொள்ளும். வந்த கண்ணாடி பாட்டிலிலேயே மூடியை இறுக்கி வைக்க வேண்டும், பஞ்சுகூடத் திணிக்கக் கூடாது. திறந்தபின் ஆயுளும் குறைவு. "உங்களுக்கு ஸ்ப்ரேதான் சரி" என்றார். அதில் ஒரு குத்தல் இருந்தது, ஆனால் சரியாகத்தான் சொன்னார். ஸ்ப்ரே அட்டையில் போட்டிருக்கும் தேதி வரை தாங்கும்.

அவரிடம் ஒரு குறையும் உண்டு. கடையில் நாலு பேர் நிற்க, வயாகரா வகை மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா என்று உரக்கக் கேட்டார். கேட்ட விதம் தப்பு, கேள்வி தப்பில்லை. அந்த மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். வயாகராவில் இருக்கும் சில்டனாஃபில் போட்டு 24 மணி நேரம், அதே வகை டடலாஃபில் என்றால் 48 மணி நேரம், இதைத் தொடக் கூடாது. வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமே இல்லை.

முதல் தடவை நானாக அடித்தது ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுத்திருப்பத்தில். சொன்னபடி படியில் உட்கார்ந்தேன். நாக்கைத் தூக்கி ஒரு அமுக்கு, வாயை மூடிக்கொண்டேன். மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது, நுரையீரலுக்குப் போகிற மருந்து இல்லை இது. சுருக்கென்று ஒரு காரம். அரை நிமிடத்தில் காது மடல் சூடானது. பிறகு தலைக்குள் டம் டம் என்று துடிப்பு. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை நிமிடத்தில், இறுக்கி முறுக்கிய நட்டை யாரோ அரைச் சுற்று தளர்த்தியது போல நெஞ்சு விட்டுக்கொடுத்தது. இன்னொரு அரைச் சுற்று. போய்விட்டது. தலைவலி மட்டும் இருபது நிமிடம் கூடவே இருந்தது.

இரண்டாம் தடவை திமிர். நின்றுகொண்டே அடித்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்து, கைப்பிடிக் கம்பியைத் தேடினேன். தம்பி பிடித்திருக்காவிட்டால் உருண்டிருப்பேன். உட்கார்ந்துதான் அடிக்க வேண்டும். இதை எழுத்துப்பூர்வமாக எழுதித் தர வேண்டிய இடம் பாட்டில், அதிலோ எறும்பு எழுத்து.

எனக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த விதி: ஒரு அமுக்கு, ஐந்து நிமிடம். போகவில்லையா, இன்னொன்று. மேலும் ஐந்து நிமிடத்தில் போகவில்லையா, ஆம்புலன்ஸ். வழக்கத்தை விடப் பலமாக வந்தால், வியர்த்துக் கொட்டினால், சும்மா இருக்கும்போதே வந்தால், இந்த எண்ணிக்கையெல்லாம் கிடையாது, உடனே ஆம்புலன்ஸ். சில மருத்துவர்கள் முதல் அமுக்குக்குப் பிறகே கூப்பிடச் சொல்வார்கள். உங்களுக்கானதை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெடிமருந்தா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆமாம், அதே நைட்ரோகிளிசரின்தான், வெடிக்க முடியாத அளவுக்குக் கரைத்தது. 1847-இல் இதை முதலில் செய்த இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரேரோ நாக்கில் துளி வைத்துப் பார்த்து மண்டையிடி வாங்கினார். ஆல்பிரட் நோபல் இதை வைத்து டைனமைட் செய்தார். 1879-இல் வில்லியம் மரல் என்ற மருத்துவர் இதை நெஞ்சு நெரிப்புக்குக் கொடுத்ததைப் பற்றி எழுதினார். நோபலுக்கே கடைசி காலத்தில் இதய நோய்க்கு இதைத்தான் எழுதிக் கொடுத்தார்களாம். இது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாக வேலை செய்கிறது. அந்த வாயு ரத்தக் குழாய்க்குச் செய்தி சொல்வதைக் கண்டறிந்தவர்களுக்கு 1998-இல் கொடுத்ததும் நோபல் பரிசுதான்.

இது அடைப்பைக் கரைக்காது. இதயக் குழாய்களைக் கொஞ்சம் விரிக்கும், ஆனால் பெரிய வேலை வேறு இடத்தில். உடம்பின் சிரைகளைத் தளர்த்தி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தைக் குறைக்கிறது. லிஃப்ட் பாஷையில் சொன்னால், மோட்டாரைப் பெரிதாக்கவில்லை. கூண்டிலிருந்து நாலு பேரை இறக்கிவிட்டது.

அப்படியென்றால் கூண்டு கிளம்பும் முன்பே இறக்கிவிடலாமே? இதை மருத்துவர் முதல் நாளே சொன்னார்: ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் உட்கார்ந்து ஒன்று அடித்துவிட்டு, பிறகு ஏறுங்கள். மூன்று மாதம் நான் கேட்கவில்லை. வலி வராமலே மருந்து அடிப்பது தோல்வி மாதிரி ஒரு எண்ணம். செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்தப் பொருளின் முழு மதிப்பும் அங்கே இருக்கிறது. முதல் தடவை நான்காம் மாடியைத் தாண்டிய பிறகுதான், மூன்றாம் மாடியில் நான் நிற்கவில்லை என்பதே உறைத்தது. பலன் ஏறக்குறைய அரை மணி நேரம். ஒரு ஏற்றத்துக்குத் தாராளம்.

இன்னொரு பயனை யாரும் சொல்வதில்லை. இது ஒரு மீட்டர். நெரிப்பு வந்து அடித்ததை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். தேதி, எத்தனையாவது மாடி, எத்தனை அமுக்கு. முதல் மாதம் 11. அம்லோடிபின் சேர்ந்த மாதம் 4. மெதுவாகத் தொடங்கி தினமும் நடக்கப் பழகிய பிறகு 2. போன மாதம் சைபர். மருத்துவர் என் ரிப்போர்ட்டுகளைத் திறப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் வாங்குகிறார். எண் மேலே ஏறினாலோ, முதல் மாடியிலேயே வரத் தொடங்கினாலோ, அது நிலையான நோயாக இல்லாமல் போகிறது என்று அர்த்தம். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது.

மாமா ஒருவர் கேட்டார், "எனக்கும் நெஞ்சு கரிக்குது, ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டுமாப்பா? சரியாப் போனா ஹார்ட்டுதானே?" கொடுக்கவில்லை. உணவுக்குழாய் இழுத்துப் பிடிக்கும் வலியும் இந்த மருந்தில் விட்டுப்போகும். ஆகவே இது கேட்டதால் இதய நோய் என்றும் ஆகாது, கேட்கவில்லை என்பதால் இல்லை என்றும் ஆகாது. அவரை அந்தப் பத்து நிமிடக் கேள்வி மருத்துவரிடம் அனுப்பினேன்.

இனி அந்த ஒரு நட்சத்திரம். மூடி தளர்வு. பைக்குள் தானாகக் கழன்று, ஒருமுறை டூல் பேக்கில் அமுங்கி வீணாகியிருந்தது. நான் வாங்கியதில் எத்தனை அமுக்கு மீதி என்று காட்டும் எண்ணும் இல்லை. புது பாட்டிலை முதலில் காற்றில் சில தடவை அடித்துத் தயார் செய்ய வேண்டும், குலுக்கக் கூடாது. இரண்டும் உள்ளே மடித்து வைத்த தாளில் இருக்கிறது, நான் இரண்டாவது பாட்டிலில்தான் படித்தேன். நாள் முழுக்கப் பாதுகாப்பு வேண்டுமென்று அடித்துக்கொண்டே இருக்கவும் முடியாது, உடம்பு பழகிவிட்டால் பலன் மங்கும். நைட்ரோகிளிசரினோடு வேலை செய்த டைனமைட் ஆலைத் தொழிலாளிகளுக்கு, வார விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போய், திங்கட்கிழமை மட்டும் தலைவலி வந்த கதை அதனால்தான்.

ஒரு பாட்டில் இடது சட்டைப் பையில், இன்னொன்று வீட்டில் படுக்கைக்குப் பக்கத்தில். எந்தப் பை என்று தம்பிக்குத் தெரியும். மூன்றாம் மாடிப் பூட்டை இப்போது அவன்தான் பார்க்கிறான். போன வாரம் ஒன்று நிஜமாகவே கெட்டிருந்தது.